இருண்ட கண்ணும் ஒளிரும் சுவரும்

பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு, வேதியியல்

ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் தெரு நீளத்தில் சிறியது, மொழிகளில் பெரியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளைப் பேசும் குடும்பங்கள் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றன. தொழிற்பேட்டையை நாடி ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் தெருக்கோடியில் உள்ள வரிசை வீடுகளில் தங்கியிருக்கின்றனர். ஒரு வீடு கிளிப்பச்சை, அடுத்த வீடு ரோஜா நிறம், அதற்கடுத்தது வான நீலம். புதிதாய் வருபவர்கள் எண்ணைப் பார்த்து வீட்டைத் தேடுவதில்லை; நிறத்தைச் சொல்லியே தேடுவார்கள்.

அந்த நிறங்களுள் பாதிக்கு மேல் என் தந்தையார் பூசியவை. அவர் வெள்ளையடிக்கும் தொழிலாளி. எழுதப் படிக்க அறியாதவர். கெலமங்கலம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மட்டையும் வாளியுமாக இந்நகருக்கு வந்தவர். சுவரைத் தட்டிப் பார்த்தே அதன் ஈரத்தைச் சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

சுவருக்கு நிறம் பூசுவோர் பலர் உண்டு. சுவருக்கு வெளியே நடமாடும் மக்களையே சுவரில் ஏற்றி வைத்தவர்கள் சிலரே. அத்தகையோருள் ஒருவரைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத முனைகிறேன். அவர் வங்காளத்து ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி. ஒரு கண் பிறவியிலேயே பார்வையற்றது. மறு கண்ணோ மிக அருகில் உள்ள பொருளை மட்டுமே காண வல்லது. அந்த அரைகுறைப் பார்வையைக் கொண்டு நாட்டின் மிகச் சிறந்த சுவரோவியங்களுள் ஒன்றை அவர் படைத்தார் என்றால் வியப்பு மேலிடுகிறது அன்றோ?

இளமை

வினோத் பிகாரி 1904 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். பார்வைக் குறையால் அவரது பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. பிற சிறுவர்கள் தெருவில் ஓடியாடிய வயதில் அவர் தம்மைச் சுற்றி நெருக்கமாயிருந்த பொருள்களையே பார்த்துப் பார்த்துப் பழகினார். 1917 ஆம் ஆண்டில் சாந்திநிகேதன் சென்று சேர்ந்தார். கவியரசர் தாகூர் நடத்திய அப்பள்ளியில் மாணவர்கள் மரத்தடியில் அமர்ந்து கற்றார்கள்.

1919 இல் அங்குக் கலா பவனம் என்னும் ஓவியக் கல்விக்கூடம் தோன்றியது. அதன் தொடக்க கால மாணவர்களுள் வினோத் பிகாரியும் ஒருவர். அவருக்கு வாய்த்த ஆசான் நந்தலால் போஸ். கண் தெரியாத பிள்ளைக்கு ஓவியப் படிப்பா என்ற ஐயம் ஆசானுக்கே எழுந்ததில் வியப்பில்லை. தாகூர் அந்த மாணவனின் ஆர்வத்தையே அளவுகோலாகக் கொண்டார். கற்க விரும்பி வந்தவனைக் கற்க விடுவதே முறை என்பது அவர் கருத்து. இவ்வாறு ஒரு கதவு அடைபடாமல் காக்கப்பட்டது. 1925 ஆம் ஆண்டில் வினோத் பிகாரி அதே கலா பவனத்தில் ஆசிரியரானார். 1930களின் பிற்பகுதியில் ஜப்பான் சென்று அந்நாட்டு ஓவிய மரபை நேரில் கண்டு திரும்பினார்.

அவர் வரைந்தவை எவை? சாந்திநிகேதன் அமைந்த பீர்பூம் மாவட்டத்தின் செம்மண் வெளி, ஒற்றைப் பனை, குளக்கரை, அங்கே குளிப்போர், துவைப்போர், மாடு மேய்ப்போர். 1940 இல் கலா பவன விடுதியின் மேற்கூரையிலேயே ஒரு முழுக் கிராமத்தை வரைந்தார். நடுவிலே குளம்; அதைச் சுற்றி மரங்களும் மனிதரும் விலங்குகளும். அண்ணாந்து பார்க்கும் மாணவனுக்கு ஊரே தலைக்கு மேல் விரியும். 1942 இல் சீன பவனத்தின் சுவரில் சாந்திநிகேதன் வளாகத்தின் அன்றாட வாழ்வை வரைந்தார்.

சுவரும் சுண்ணாம்பும்

அவரது பெரும்படைப்பு 1946-47 ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் கூடத்தில் மூன்று சுவர்களின் மேற்பகுதி முழுவதும் நீண்டு செல்லும் அவ்வோவியத்தின் பொருள் இடைக்கால இந்திய அருளாளர்களின் வாழ்வு. அதன் அருமையை உணர வேண்டுமானால் அதன் பின்னுள்ள வேதியியலைச் சிறிது அறிய வேண்டும். வேதியியல் மாணவன் என்ற உரிமையில் இதனைச் சொல்லுகிறேன், நண்பர்கள் பொறுத்தருள்க.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு எஞ்சுகிறது. அதுவே சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்துக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. இந்த நீர்த்த சுண்ணாம்பை மணலோடு கலந்து சுவரில் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த நிறங்களை இடுவார்கள். பூச்சு உலரும்போது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்றுக்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது பழையபடி கல்லாகிறது! அந்தக் கல்லுக்குள் நிறம் சிறைப்பட்டுவிடுகிறது. ஆதலால் இம்முறையில் பசை தேவையில்லை. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கவல்ல காவி போன்ற மண் நிறங்களே தேவை.

இதில் ஒரு கடுமையான விதி உண்டு. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்திற்கே பூச்சுப் பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். காய்ந்தபின் பிழை கண்டால் அழிக்க இயலாது; பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். ஆகவே ஓவியர்கள் முன்னதாகவே முழு அளவில் மாதிரி வரைந்து, அதைச் சுவரில் ஒற்றி, அதன்மேல் நிறமிடுவது வழக்கம். பின்பு எட்டி நின்று முழுவதையும் நோக்கி ஒப்பிடுவார்கள்.

வினோத் பிகாரி அத்தகைய முழு அளவு மாதிரி எதனையும் வைத்துக் கொள்ளவில்லை. ஈரச் சுவரில் நேரடியாகவே வரைந்தார். எட்டி நின்று முழுச் சுவரையும் தெளிவாகக் காணும் வாய்ப்பும் அவர் கண்ணுக்கு இல்லை. தம் முகத்துக்கு அருகிலிருந்த அன்றைய துண்டை மட்டுமே அவரால் நன்கு பார்க்க முடிந்தது. முன்னாள் வரைந்ததும் மறுநாள் வரையப் போவதும் அவர் மனத்தில் இருந்தன. அப்படித் துண்டு துண்டாக வரைந்தது ஓர் ஆறுபோல் தடையின்றி ஓடுகிறது!

சுவரில் கூடிய மக்கள்

அந்த ஆற்றில் யார் யார் வருகின்றனர்? நம் தென்னாட்டு இராமானுசர் இருக்கிறார். தறியில் நெய்த கபீர் இருக்கிறார். செருப்புத் தைத்த இரவிதாசர் இருக்கிறார். துளசிதாசரும் குரு கோவிந்த சிங்கும் இருக்கின்றனர். இவர்கள் பேசிய மொழிகள் வேறு. பிறந்த குலங்கள் வேறு. வாழ்ந்த நூற்றாண்டுகளும் வேறு. ஆயினும் ஒரே சுவரில், ஒரே கூட்டத்தில் கலந்து நிற்கின்றனர். அருளாளர் உருவங்கள் நெடிது உயர்ந்து நிற்க, அவர்களைச் சுற்றிச் சாதாரண மக்கள் தத்தம் வேலைகளில் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்கள் கோயில் கருவறையில் நிற்பவர்களாகத் தோன்றவில்லை. தெருவில் நம்மிடையே நடப்பவர்களாகவே தோன்றுகின்றனர்.

அவ்வோவியம் தீட்டப்பட்ட காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1946 ஆம் ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தா வகுப்புக் கலவரத்தில் எரிந்தது. 1947 இல் நாடு விடுதலை பெற்றது. வங்காளம் இரண்டாகப் பிளந்தது. வெளியே மக்கள் பிரிந்து ஓடிக்கொண்டிருந்த அந்நாளில், உள்ளே ஒரு மனிதர் அவர்களைச் சுவரில் ஒன்று சேர்த்துக் கொண்டிருந்தார். மேடையேறிப் பேசவில்லை, சுண்ணாம்பு காய்வதற்குள் தம் வேலையை முடித்தார்.

அச்சுவரில் இன்னொருவரும் உண்டு. அவர் கண்ணற்ற பாடகர் சூர்தாசர். அவரை வரைந்தபோது ஓவியர் என்ன எண்ணியிருப்பாரோ, நாம் அறியோம்.

அப்பணியில் அவருக்குத் துணை நின்ற மாணவருள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, விடுதலைப் போரில் சிறை சென்று, பின் சாந்திநிகேதனை அடைந்தவர் அவர். பிற்காலத்தில் அவரும் பெயர் பெற்ற சுவரோவியராக விளங்கினார். 1940 முதல் 1942 வரை கலா பவனத்தில் பயின்ற இன்னொரு மாணவர், பின்னாளில் திரைப்பட மேதையாகப் புகழ்பெற்ற சத்யஜித் ராய்.

இருள் வந்தது

1949 இல் வினோத் பிகாரி சாந்திநிகேதனை விட்டு நேபாளம் சென்று, காட்மாண்டு அரசு அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். பின்னர் இராசத்தானத்திலுள்ள வனஸ்தலி வித்யாபீடத்தில் கற்பித்தார். முசூரியில் தம் துணைவியார் லீலாவுடன் சேர்ந்து ஓவியப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர்களுடைய மகள் மிருணாளினி பிற்காலத்தில் புகழ்மிக்க சிற்பியானார்.

1950களின் பிற்பகுதியில் அவரது கண்ணுக்குப் புரை நீக்கும் அறுவை நடைபெற்றது. அது வெற்றி பெறவில்லை. இருந்த சிறு பார்வையும் முற்றிலும் அவிந்தது. ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன இருக்க முடியும்? அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கதை இத்துடன் முடிந்தது என்றே பலரும் கருதியிருப்பர்.

ஆனால் முடியவில்லை. 1958 இல் அவர் மீண்டும் கலா பவனம் வந்து கலை வரலாறு கற்பிக்கலானார். விரல்களால் மெழுகை உருட்டிச் சிறு உருவங்கள் செய்தார். நிறத்தாள்களை வெட்டியும் ஒட்டியும் படங்கள் அமைத்தார். தாளில் கோடிழுத்து ஓவியம் வரைந்தார். எந்த நிறம் எங்கே என்பதைக் கேட்டறிந்து நினைவில் வைத்துக் கொண்டார். 1972 இல் கலா பவனச் சுவர் ஒன்றில் பீங்கான் ஓடுகளால் ஆன பெரியதொரு சுவரோவியத்தையும் உருவாக்கினார். அவர் வடிவம் அமைக்க, மற்றவர்கள் உதவினார்கள். பார்வை முற்றும் இழந்த பின்னர் செய்த சுவர் அது! அதே ஆண்டில் மாணவர் சத்யஜித் ராய் தம் ஆசானைப் பற்றி 'இன்னர் ஐ' என்னும் ஆவணப் படத்தை எடுத்தார். உட்கண் என்பது அதன் பொருள்.

1974 இல் பத்ம விபூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது. தம் வாழ்வையும் கலையையும் பற்றி 'சித்ரகர்' என்னும் வங்க நூலை எழுதினார்; அதற்கு இரவீந்திர விருது கிடைத்தது. 1980 நவம்பர் 11 ஆம் நாள் அவர் மறைந்தார்.

நமக்கு அவர் யார்?

சுவரோவியம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. கிருஷ்ணகிரியை அடுத்த மல்லப்பாடியில், பாறையில் வெள்ளை நிறத்தால் தீட்டிய குதிரை வீரர்களின் உருவங்கள் உள்ளன. பெயர் தெரியாத ஒருவர் தம் கண்முன் நடந்ததைப் பாறையில் பதித்துச் சென்றிருக்கிறார். சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலும் நாம் அறிந்தவையே. எனினும், வெவ்வேறு மொழி பேசுவோர் நெருங்கி வாழும் ஓசூர் போன்ற ஊருக்கு வினோத் பிகாரியின் சுவர் தனியாக ஒன்றைக் கற்பிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சுவர் என்பது பிரிப்பதற்கு மட்டுமன்று. அதன்மேல் எல்லோருக்கும் இடமுண்டு.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த என்னைப் போன்றோருக்கு வேறொரு பாடமும் உண்டு. நூலகத்தில் நின்றால் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. வழி சொல்ல வீட்டில் படித்தவர் இல்லை. முழுச் சுவரும் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று கலங்கிய நாள்கள் பல. வினோத் பிகாரிக்கும் முழுச் சுவர் தெரியவில்லை. அன்றைய ஈரத்தில் அன்றைய துண்டை அவர் ஒழுங்காக முடித்தார். மறுநாள் அடுத்ததைத் தொடங்கினார்.

அண்மையில் ஒரு மாலை, அந்த இந்தி பவன ஓவியத்தின் படத்தைக் கைப்பேசியில் என் தந்தையாரிடம் காட்டினேன். எங்கள் தெருக்கோடியில் தங்கியிருக்கும் வங்காள இளைஞர் ஒருவரும் உடனிருந்தார். சாந்திநிகேதன் என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. தம் ஊர் பீர்பூம் பக்கம்தான் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். தந்தையாரோ படத்தில் உள்ளவர்கள் யாரென்று கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பின்பு, நேற்றுப் பூசியதையும் இன்று பூசியதையும் இணைப்புத் தெரியாமல் அந்த மனிதர் எப்படிச் சேர்த்தார் என்று கேட்டார்.

வினோத் பிகாரியைப் பற்றி நான் படித்த எதிலும் அந்தக் கேள்வியைக் கண்டதில்லை. அதற்குரிய விடையும் என்னிடம் இல்லை. மூவரும் மீண்டும் ஒருமுறை அந்தப் படத்தை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம்.