பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன்

மாலை வேளையில் மயிலைக் கடற்கரையில் உலாவச் செல்லும் நம்மிற் பலர், அலை பின்வாங்குங்கால் ஈரமணலிற் புதைந்து மறையும் சிறு நண்டுகளைக் கண்டிருப்போம். கண்டும் அவற்றைப் பொருட்படுத்தியிரோம். அச்சிற்றுயிரைக் கொண்டே பெரியதோர் உண்மையை ஆராயத் தொடங்கிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

மரோலி கிருஷ்ணய்யா சந்திரசேகரன் 1937-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி புரிந்தபோது, இந்நண்டினத்தைக் கடலினின்று பிரித்து ஆய்வுக்கூடத்தில் வைத்து நோக்கினார். ஆங்கு அலையும் இல்லை, ஓதமும் இல்லை. ஆயினும் நண்டுகளின் நடமாட்டமும் பிராணவாயு நுகர்ச்சியும் கடலின் ஏற்றவற்றத்திற்கும் பகலிரவிற்கும் இயையக் கூடியும் குறைந்தும் வந்தன. இம்முடிபை 1965-இல் வெளியிட்டார். வேளையை அறிவிக்கக் கடல் அருகில் இல்லாதபோதும் உயிர் அதனைத் தன்னுள்ளே காத்துவந்தது என்பது இதனாற் புலனாயிற்று.

பின்னர் ஜெர்மனி சென்று, டூபிங்கன் நகரில் எர்வின் பூனிங் என்னும் பேரறிஞரை அடைந்தார். இக்கால அளவு தலைமுறை வழியாக வருவது என்பதை, அவரைச் செடிகளைக் கலந்து வளர்த்து 1935-இல் காட்டியவர் பூனிங். சந்திரசேகரனோ பழ ஈக்கள் கூட்டினின்று வெளிப்படும் வேளையை ஆராய்ந்தார். இருளிற் சிறிது நேரம் படும் ஒளி, முன்னிரவாயின் உட்கடிகாரத்தைப் பின்தள்ளும், பின்னிரவாயின் முன்தள்ளும்.

தாயகம் திரும்பி மதுரைப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்த அவரும் அவர் மாணாக்கரும் குகைவாழ் வௌவால்களை ஆராய்ந்தனர். ஒளி புகாத குகையில் தனித்து அடைக்கப்பட்ட வௌவால் தன் போக்கில் நாளைக் கணித்து, வெளியுலகின் நாளினின்று விலகிச் சென்றது. தன் இனம் வந்து போகும் குகையிலோ, அடைபட்டிருந்தும் அவ்வினத்தின் வேளையையே பின்பற்றியது. 1981-இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, கடிகாரம் உள்ளிருப்பினும் அதனைத் திருத்துவது சுற்றமாகவும் இருக்கலாம் என்று தெரிவித்தது.

அக்கடிகாரம் எப்பொருளால் ஆயது என்பதைப் பிறர் கண்டனர். 1971-இல் பழ ஈயிலும், 1994-இல் சுண்டெலியிலும் அதற்குரிய ஜீன்கள் அறியப்பட்டன. உயிரணுவில் சில ஜீன்கள் புரதங்களை ஆக்குவிக்கின்றன. அப்புரதங்கள் பெருகியதும் உட்கருவிற் புகுந்து அந்த ஜீன்களையே அடக்குகின்றன. அவை சிதைந்தபின் ஜீன்கள் மீண்டும் தொழிற்படுகின்றன. இச்சுற்று ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முடிகின்றது. பழ ஈயில் இதனை விளக்கிய மூவர் 2017-இல் நோபெல் பரிசு பெற்றனர். சந்திரசேகரன் 2009-இலேயே மறைந்துவிட்டார்.

ஜீனைக் கண்டவர் அவர் அல்லர். எனினும், விடைக்கு முன்னே வினா வேண்டும். அவ்வினாவை எழுப்ப அவருக்கு நண்டும் ஈயும் குகையுமே போதியனவாயின. கருவி இல்லையென்று தளரும் மாணவர், ஒருநாள் நம் கடற்கரைக்குச் சென்று அலை மீளும் இடத்தைச் சற்றுக் குனிந்து நோக்குவாராக.