தட்டுகளை உடைத்த பணிப்பெண்ணும் டாக்டர் ஷார்கோவும்

உயர்தர வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவியின் எழுத்து திடீரென்று கோணலானது. கையிலிருந்து பேனை விழும். கரும்பலகை இரண்டாகத் தெரிகிறது என்பாள். அக்கறையில்லாத பிள்ளை என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். வீட்டில் கண்ணூறு என்று நினைத்து ஓதிப் பார்த்தார்கள். பல மாதங்களின் பின்னர்தான், அவளது நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைந்திருப்பதை வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். அந்த நோய்க்கு மருத்துவ உலகில் தனி அடையாளம் கொடுத்தவரின் வாழ்க்கையை அதன் பிறகே தேடிப் படித்தேன்.

ஜான் மார்ட்டின் ஷார்கோ 1825இல் பாரிஸில் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் செய்பவர். 1862இல் சல்பேத்ரியேர் வைத்தியசாலையில் பொறுப்பேற்றார். முன்பு வெடிமருந்து செய்த இடம் அது. ஆதரவற்ற ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு அடைந்து கிடந்தார்கள். ஷார்கோவும் நண்பர் வுல்பியானும் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். நோயாளி இறந்தால் மூளையையும் முண்ணாணையும் பரிசோதித்து, பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள்.

ஷார்கோவின் வீட்டுப் பணிப்பெண் ஒருத்திக்குக் கை நடுக்கம் இருந்தது. தட்டுகள் அடிக்கடி விழுந்து உடையும். ஆனாலும் அவர் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை என்று அவரது வாழ்க்கையை எழுதியோர் சொல்கிறார்கள். அது வேறொரு நோய் என்றே முதலில் எண்ணினார். அவள் இறந்த பிறகு பரிசோதித்தபோதுதான், நரம்பு மண்டலத்தில் ஆங்காங்கே இறுகிய தழும்புகளைக் கண்டார். தன் கணிப்பு பிழை என்பது அவருக்கு விளங்கியது.

இத்தகைய தழும்புகளை முன்னரும் சிலர் கண்டு வரைந்திருந்தார்கள். அவற்றை நோயாளியின் அறிகுறிகளோடு தெளிவாக இணைத்து, 1868இல் தனி நோயாக விளக்கியவர் ஷார்கோவே. பார்க்கின்சன் நோயில் கை ஓய்ந்திருக்கும்போது நடுங்கும். இதில் ஒரு பொருளை எடுக்க நீட்டும்போது நடுங்கும். நுணுக்குக்காட்டியில் இன்னொன்றையும் கண்டார்: மயலின் அழிந்த இடத்திலும் உள்ளே நரம்பிழை பெரும்பாலும் எஞ்சியிருந்தது. மின்கம்பியின் மேலுறை உரிந்ததைப் போல, மூளையின் கட்டளை தாமதித்தும் தடைப்பட்டும் போகிறது. சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

1882இல் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி அவருக்காக உருவாக்கப்பட்டது. ஹிஸ்டீரியா பற்றிய அவரது கருத்துகள் பல பின்னர் நிலைக்கவில்லை. 1893இல் காலமானார். மயலின் நோய்க்கு அவர் காலத்தில் பயனுள்ள மருந்து இருக்கவில்லை. இன்று எம்.ஆர்.ஐ. பரிசோதனை இருக்கிறது. முற்றாகக் குணமாக்க முடியாவிட்டாலும், நோய் மீண்டும் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. நேரத்தோடு கண்டறிந்தால் பயன் அதிகம். இது தொற்றுநோயும் அல்ல.

ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்; அதற்காக வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். இப்போது ஒரு பிள்ளையின் எழுத்து மாறினால், ஏசுவதற்கு முன் அருகில் போய், கண் தெரிகிறதா, கை விறைக்கிறதா என்று கேட்கிறேன்.