தமிழில் உடற்கூறு பயிற்றிய டாக்டர் கிரீன்

வைத்தியக் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவனுக்கு முதலாண்டில் நேரும் இடர் யாவரும் அறிந்ததே. மனித சரீரத்திலுள்ள 206 எலும்புகளையும், அவற்றின் மேடு பள்ளங்களையும், அவற்றைப் பற்றி நிற்கும் தசைகளையும், ஊடே ஓடும் இரத்தக் குழாய்களையும் அவன் பெயர் சொல்லி அறிய வேண்டும். அப்பெயர்களோ பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமும். அவற்றை விளக்கும் வாசகம் ஆங்கிலம். இங்கிலாந்து தேசத்து மாணவனுக்கு ஒரு சுமை என்றால் நம் மாணவனுக்கு இரண்டு சுமை. பிறந்த நாள் முதல் தான் சுமந்து திரியும் உடம்பையே அந்நியர் வீட்டுப் பண்டம்போல் அவன் எண்ணிப் பார்க்க நேர்கிறது. இந்த இரண்டாவது சுமையை இறக்கி வைக்க இயலும் என்று நம்பி, நம்பியதோடு நில்லாமல் செய்தும் காட்டியவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்தார். அவர் தமிழரல்லர், அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் அவர் பெயரைத் தமிழன்பர் பலர் கேட்டிருப்பர். அவர் செய்தது இன்னது என்று விவரமாய் அறிந்தவர் சிலரே.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் 1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி கிரீன் பிறந்தார். அந்நகரில் நெடுங்காலமாக வேரூன்றிய குடும்பம். முன்னோரில் வைத்தியர்கள் இருந்தனர். இவருக்கு இரண்டாண்டு மூத்த தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன், 1898-ல் பல ஊர்களை ஒன்றாக்கி இன்றைய பெரு நியூயார்க் நகரம் உருவாவதற்கு மூலபுருஷராக விளங்கியவர். தம்பியோ நியூயார்க் நகரத்து வைத்தியக் கல்லூரியில் பயின்று 1845-ல் பட்டம் பெற்றார்.

அந்நாளில் நியூயார்க்கில் உடற்கூறு கற்பது எளிதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிணத்தைத் தொடுவது தீட்டு என்று எண்ணி நம்மவர் மட்டுமே விஞ்ஞானத்திற்குப் பின்தங்கினர் என்று பேசுவோர் உண்டு. உண்மை வேறு. சவத்தை அறுத்துக் கற்பதைக் கண்டு பொறாமல் நியூயார்க் ஜனங்கள் 1788-ல் வைத்தியர்மீது பெருங் கலகமே செய்தனர். கல்லூரிகளுக்குச் சவங்கள் முறையாகக் கிடைப்பதற்குரிய சட்டத்தை மாஸசூஸெட்ஸ் மாகாணம் 1831-லும் இங்கிலாந்து 1832-லும் செய்துகொண்டன. நியூயார்க் மாகாணத்தில் அது 1854-ல்தான் வந்தது. கிரீன் அங்கே படித்தபோது சட்டம் இல்லை. கல்லறைகளிலிருந்து களவாடப்பட்ட உடல்களே அக்காலத்துக் கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் பயன்பட்டன. நமது கல்கத்தாவிலோ 1836-லேயே மதுசூதன குப்தர் என்னும் பண்டிதர் சவத்தை அறுத்துப் பாடம் தொடங்கி வைத்துவிட்டார்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்தனர். அவர்களுள் வைத்தியராக முதலில் பண்டத்தரிப்பில் அமர்ந்தவர் ஸ்கடர். அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் வார்டு. அந்த இடத்திற்கு 1847 அக்டோபரில் கிரீன் வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து. மறு ஆண்டே மானிப்பாயில் மருந்துச் சாலையை நிறுவி, அங்கேயே மாணவர் சிலரைச் சேர்த்து வைத்திய வகுப்பையும் தொடங்கினார். பரந்த நாட்டில் தாம் ஒருவரே எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும்? வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் ஊர் ஊராகச் சூறையாடின. ஆகவே தாம் குணப்படுத்துவதைக் காட்டிலும், குணப்படுத்தக் கூடியவர்களை உண்டாக்குவதே தம் வேலை என்று அவர் கண்டார்.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. அதில் வியப்பில்லை. 1823-ல் ஏற்பட்ட வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலக் கல்விக்குப் பேர் பெற்ற இடம். சென்னை சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857-ல் தேறிய தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அதன் மாணவர்களே. ஆங்கிலம் அறிந்த இளைஞர்களுக்கு ஆங்கிலத்திலேயே பாடம் சொல்வது ஆசிரியருக்குச் சுகம். அவரும் அப்படியே செய்தார். விளைவு என்ன? ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்களைச் சர்க்கார் உத்தியோகமும் தெற்கே காப்பித் தோட்டங்களும் நல்ல சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டன. மானிப்பாயைச் சூழ்ந்த கிராமங்கள் முன்போலவே வைத்தியர் இன்றி இருந்தன. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. படித்தவன் பிழைக்கும் வழியைத் தேடுவது இயல்பு. ஆனால் ஊருக்கென்று பயிற்றப்பட்டவன் ஊரில் நில்லாதது ஏன் என்ற கேள்வியைக் கிரீன் விடவில்லை. அவன் கற்ற பாஷையே அவனை ஊரைவிட்டுக் கொண்டுபோகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1864 முதல் வகுப்பைத் தமிழிலேயே நடத்தலானார்.

அந்நாளில் இந்தியாவெங்கும் காற்று வேறு திசையில் அடித்துக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் சுதேச பாஷையில் வைத்தியம் சொல்லிக் கொடுத்துவந்த பள்ளியைச் சர்க்கார் 1835-ல் மூடிவிட்டு, ஆங்கிலத்தில் கற்பிக்கும் கல்லூரியைத் திறந்தனர். பிற்பாடு 1839-ல் ஹிந்துஸ்தானி வகுப்பும் 1852-ல் வங்காளி வகுப்பும் அங்கே சேர்க்கப்பட்டன என்றாலும், அவை கீழ்ப்படியிலுள்ள வைத்திய உதவியாளர்களைத் தயாரிக்கவே ஏற்பட்டவை. உயர்ந்த வைத்தியம் ஆங்கிலத்தில்தான் என்பது தீர்ந்துபோன விஷயமாகக் கருதப்பட்டது. அப்படித் தீர்ந்ததை மீண்டும் விசாரணைக்குக் கொண்டுவந்தவர் ஓர் ஆங்கில பாஷைக்காரர் என்பதை நாம் மறக்கலாகாது.

வகுப்பு தமிழில் தொடங்குமுன்பே நூல் தொடங்கிவிட்டது. கால்வின் கட்டர் என்பவர் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதிய உடற்கூற்று நூல் ஒன்று, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற பெயரோடு 1857-ல் தமிழில் வெளிவந்தது. தலைப்பைக் கண்டு வாசகர் அஞ்ச வேண்டாம். அங்காதிபாதம் என்பது நம் பழைய வைத்தியருக்குப் பழக்கமான சொல். உடலுறுப்புகளின் அமைப்பைக் குறிக்கக் கிரீன் அதை எடுத்துக்கொண்டார். சுகரணம் என்றது அவ்வுறுப்புகளின் தொழிலை. உடற்கூற்றியல் என்றும் உடலியங்கியல் என்றும் நாம் இன்று வழங்குவன இவையே. இரண்டையும் சேர்த்தே அவர் கற்பித்தார். இருதயத்தின் நான்கு அறைகளை எண்ணத் தெரிந்தவன், இரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று அறியாவிட்டால் அவன் கற்றது வெறும் கணக்கு.

சொல் தேடுவதில் அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழ் நூல்களிலும் வழக்கிலும் சொல் உண்டா என்று பார்ப்பது. இல்லையேல் சம்ஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதிக்கொள்வது. கெமிஸ்தம் என்று அவருடைய ரசாயன நூலுக்குப் பெயர் வந்தது இந்த மூன்றாவது வழியால். கேட்பதற்கு முறை எளிது. கையாளும்போதுதான் அதன் கடினம் தெரியும். நரம்பு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியைக் கொண்டு செல்லும் தந்தியையும் நரம்பு என்கிறோம். கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். தசையை எலும்போடு பிணைக்கும் நாணையும் நரம்பு என்று சொல்லிவிடுகிறோம். வீட்டுப் பேச்சுக்கு இது போதும். கத்தியைக் கையில் பிடித்தவனுக்குப் போதாது. எதை அறுக்கலாம், எதை அறுத்தால் ஆள் போய்விடுவான் என்பது அவனுக்குச் சொல்லளவிலேயே பிரிந்து நிற்க வேண்டும். தமனி, சிரை போன்ற சொற்களின் உதவி இங்கேதான் வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி அகராதிப் பட்டியல்களும் அவர் அச்சிட்டார்.

இவ்வேலையில் அவருக்குக் கையாக நின்றவர்கள் அவரிடம் பயின்ற மாணவர்களே. டான்போர்த், சாப்மன் என்ற பெயர்களைக் கண்டு அவர்களை வெள்ளையர் என்று எண்ணிவிடக் கூடாது. பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது மிஷன் பள்ளிகளின் அந்நாளைய வழக்கம். பெயர்தான் அமெரிக்கப் பெயர், ஆள் யாழ்ப்பாணத் தமிழர். மாணவரைக் கொண்டே மாணவருக்கு நூல் செய்த இந்த ஏற்பாட்டை நாம் மிகவும் மெச்சுகிறோம். எந்த வாக்கியம் விளங்காது என்பது, அண்மையில் அதைக் கற்கத் திணறியவனுக்கே நன்றாய்த் தெரியும்.

இரண வைத்தியம் 1867-ல் வந்தது. அதன்பின் 1872-ல் வந்த மனுஷ அங்காதிபாதமே அவருடைய மாணவர்களுக்கு வாய்த்த பெருநிதி. ஹென்றி கிரே என்ற இளம் வைத்தியர் எழுதி, ஹென்றி வாண்டைக் கார்ட்டர் சித்திரம் தீட்டி, 1858-ல் லண்டனில் வெளியான உடற்கூற்று நூலை முதன்மையாகக் கொண்டு இது அமைந்தது. கிரே தம் நூலின் புகழை அதிக காலம் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1861-ல் பெரியம்மையால் முப்பத்து நாலாம் வயதில் இறந்தார். கார்ட்டரோ பம்பாய்க்கு வந்து கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் இதே பாடத்தைப் போதித்தார். உறுப்பின் பெயரை அவ்வுறுப்பின் படத்தின் மேலேயே பொறித்தது அவருடைய சித்திரங்களின் விசேஷம். கற்போன் கண்ணும் கருத்தும் அலையாமல் ஓரிடத்தில் நிற்க அது உதவிற்று. இன்றளவும் உலகெங்கும் மாணவர் கையில் இருக்கும் அந்த நூல், லண்டனில் பிறந்த பதினான்கு ஆண்டுக்குள் தமிழ் உருப் பெற்று எண்ணூறு பக்கத்துக்கு மேல் அச்சேறியது என்பதை நினைத்தால், பின்னர் நாம் தூங்கிய தூக்கம் எவ்வளவு என்பது விளங்கும். கிரீனும் அவருடைய கூட்டத்தாரும் ஆக்கிய வைத்திய நூல்கள் மொத்தத்தில் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும்.

குணம் சொல்லும்போது குற்றத்தையும் சொல்ல வேண்டும். கிரீன் மதம் பரப்ப வந்தவர். அதை அவர் ஒளித்ததில்லை. மருந்தும் பாடமும் அவருக்கு அந்நோக்கத்தின் துணைக் கருவிகளே. நம் பரம்பரை வைத்தியத்தின் அனுபவத்தை அவர் உரிய அளவு மதித்தார் என்றும் சொல்வதற்கில்லை. அவருடைய நடை வடசொற்களால் கனத்துக் கிடக்கிறது. இன்றைய மாணவன் அதை அப்படியே ஏற்கமாட்டான். ஆயினும் கிறிஸ்தவராகியும் தமிழர் தமிழராகவே உடுத்தி, உண்டு, பேச வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொள்வதை நாகரிகமென்று நம்மவரே நினைத்த காலத்தில் அது சிறு காரியமன்று.

இன்னொன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறியவர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் பாதிப் பேருக்கு மேல் தமிழிலேயே கற்றவர்கள். அவர்கள் கிராமத்தில் தங்க வேண்டும் என்பதற்காகவே அவர் தமிழில் கற்பித்தார். அதனாலேயே பெரிய உத்தியோகக் கதவுகள் அவர்களுக்கு எளிதில் திறவா. 1870-ல் கொழும்பில் சர்க்கார் வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியபின் இந்த வேற்றுமை இன்னும் கூர்மையாயிற்று. ஊருக்கு நன்மை செய்த ஏற்பாடு மாணவனின் ஏற்றத்தை ஓரளவு தடுத்ததல்லவா என்று கேட்பவர்க்கு விடை சொல்லியாக வேண்டும். ஆம், தடுத்தது. ஆனால் அந்தக் குற்றம் தமிழின்மேல் சாராது. தமிழில் கற்றவனுக்கு ஒரு சம்பளமும் ஆங்கிலத்தில் கற்றவனுக்கு வேறு சம்பளமும் வைத்த ஆட்சியின்மேல் சாரும். ஒரே எலும்பு, ஒரே இருதயம். அறிந்த பாஷைக்குத் தக்கபடி கூலி மாறுவானேன்? கிரீன் சென்றபின் அவர் வகுத்த வழி நீடிக்காமல் போனதற்குக் காரணம் தேடுவோர் இந்த இடத்தில் தேடுவார்களாக. மத்தியப் பிரதேசத்தில் 2022-ல் ஹிந்தியில் வைத்தியப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோதும், தமிழில் அத்தகைய முயற்சி பேசப்பட்டபோதும், இது நடக்கக் கூடியதா என்று பலர் சந்தேகித்தார்கள். நடந்த காரியத்தைப் பற்றியே அந்தச் சந்தேகம்.

இடையே நாலைந்து ஆண்டு தாய்நாட்டில் தங்கி, 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து மானிப்பாய் திரும்பியிருந்த கிரீன், உடல் நலம் குன்றவே 1873-ல் யாழ்ப்பாணத்தை விட்டுப் பிரிந்தார். மறுபடி அவர் வரவில்லை. ஆயினும் வேலை நிற்கவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். கெமிஸ்தம் 1875-ல் வெளிவந்தது. டால்டன் எழுதிய பெரிய உடலியங்கு நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரோடு 1883-ல் வெளிவந்தது. அந்த டால்டன், கிரீன் பயின்ற அதே நியூயார்க் கல்லூரியில் பின்னாளில் ஆசிரியராக இருந்தவர். இவ்வாறு தம் கல்லூரியின் பாடம் தமிழில் அச்சேறக் கண்ட மறு ஆண்டு, 1884 மே 28-ந் தேதி, கிரீன் வூஸ்டரில் காலமானார். மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமக்கு ஆடம்பரமில்லாத ஒரு கல் போதும் என்றும், தாம் தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்பதை அதில் பொறிக்க வேண்டும் என்றும் அவர் எழுதி வைத்திருந்தார். அப்படியே பொறித்தார்கள். தமிழ் அறியாத வூஸ்டர் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் தமிழர் பெயரைச் சுமந்துகொண்டு அந்தக் கல் இருக்கிறது.