நடந்தே ஊரைப் படித்தவர்



ஸ்மார்ட் சிட்டின்னு சொன்னதும் நமக்குக் கேமராவும் சென்சாரும்தான் ஞாபகம் வரும். 2015-ல் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டில் மதுரை, தஞ்சாவூர் உட்பட 11 நகரங்கள். நம்ம ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதில் இல்லை. ஆனால் ஊரைச் சீர்ப்படுத்த என்ன பயிற்சி வேண்டும் என்று நமக்கும் சேர்த்துக் காட்டிப் போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் பேட்ரிக் கெடிஸ்.

1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். என்ஜினீயர் இல்லை, டண்டீயில் தாவரவியல் பேராசிரியர்! இளவயதில் மெக்சிகோ போன இடத்தில் கண் பாதித்து, சில காலம் இருட்டறையில் கிடந்தார். மைக்ரோஸ்கோப் வேலை குறைந்தது. கவனம் மனிதர் வாழும் தெருக்கள் பக்கம் திரும்பியது.

1914-ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில், நகரமைப்புக் கண்காட்சி நடத்த இந்தியா வந்தார். படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் வந்தன. எம்டன் சும்மா விடுமா? சென்னை மேல் குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பல், அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. பல வருட உழைப்பு கடலுக்கடியில்! நமக்கு ரெக்கார்டு நோட் தொலைந்தாலே காய்ச்சல் வந்துவிடும். அவர் அசரவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். முதலில் சர்வே, அப்புறம்தான் பிளான்: இதுவே அவர் வழி. சந்து சந்தாக நடந்து இடிந்த வீடு, காலியிடம், மரம், கிணறு எல்லாம் குறித்துக்கொள்வார். தஞ்சைக் கோட்டைக்குள் வீடுகளை இடித்து நேர் ரோடு போட யோசனை இருந்தது. பாழடைந்த வீடுகளை மட்டும் எடுத்து, இருக்கிற சந்துகளைச் சீராக்கினால் போதும், செலவும் வெகுவாகக் குறையும் என்று காட்டினார். எத்தனை குடும்பங்களின் கூரை அதில் அடக்கம், யோசித்துப் பாருங்கள்!

இந்தூரில் பிளேக் பரவிய காலத்தில் தீபாவளி ஊர்வலம் நடத்தினார். வீடுகளை நன்றாகச் சுத்தம் செய்த தெரு வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்ததும், ஊரே துடைப்பத்தை எடுத்தது! 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1932-ல் பிரான்சில் மறைந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் வருகிற சிவில் மாணவன் நான். ஆண்டாள் தேர் திரும்ப எங்க ரதவீதிக்கு எவ்வளவு அகலம் வேண்டும், அம்பலபுளி பஜாரில் நெரிசல் எந்த முனையில் ஆரம்பிக்கிறது, இதெல்லாம் நடந்து பார்த்தால்தான் தெரியும். டோட்டல் ஸ்டேஷன், ஜி.ஐ.எஸ். எல்லாம் கற்போம், கட்டாயம் வேண்டும். ஆனால் கருவியை நிறுத்துவதற்கு முன்னால், திண்ணையில் இருக்கிற பாட்டியிடம் மழைத்தண்ணி எங்கே தேங்குதுன்னு ஒரு வார்த்தை கேட்போம்!