ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு வக்கீல்

அன்னி பெசன்ட் என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சென்னை பெசன்ட் நகர் பீச்சும், அங்கே விற்கும் சூடான பஜ்ஜியும்தான். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ஹோம் ரூல் இயக்கம் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்திருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் சித்தி கோர்ட்டு வாசலில் நின்று அழுத நாளுக்குப் பிறகுதான் அந்த அம்மாவின் கதையைத் தேடிப் படித்தேன். படித்ததும் இரவு தூக்கம் வரவில்லை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

அன்னி பிறந்தது 1847 அக்டோபர் 1, லண்டனில். இருபது வயதில் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு மனைவியானார். டிக்பி என்று ஒரு பையன், மேபல் என்று ஒரு பெண். கணவர் கண்டிப்பானவர். அன்னிக்கோ மத நம்பிக்கையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. 1873-ல் பிரிந்தார்கள். பையன் அப்பாவிடம், பெண் அம்மாவிடம் என்று ஒப்பந்தம்.

1877-ல் சார்லஸ் பிராட்லா என்பவரோடு சேர்ந்து, குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஒரு அமெரிக்க டாக்டர் எழுதிய சிறு புத்தகத்தை அன்னி வெளியிட்டார். ஆபாசப் புத்தகம் என்று வழக்கு. இருவருக்கும் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அப்பீலில் சட்ட நுணுக்கம் ஒன்றால் அது ரத்தாகிவிட்டது. ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தார், ஆனால் அதைவிடப் பெரிய அடி பின்னாலேயே வந்தது.

1878-ல் கணவர் மகளைக் கேட்டு மனு போட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாதவள், இப்படிப்பட்ட புத்தகம் போட்டவள், இவளிடம் பெண் குழந்தை வளரலாமா என்பதுதான் வாதம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் தகப்பன் சொல்தான் சட்டம் மாதிரி. அன்னி வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். அது சரியல்ல என்று நீதிபதி ஜெஸ்ஸல் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கடைசியில் தீர்ப்பு கணவர் பக்கம். ஏழு வயது மேபலைக் கையோடு பிரித்துக் கொண்டுபோனார்கள். அன்னி படுத்த படுக்கையானார். அடுத்த வருஷம் அப்பீலில் பார்த்துப் பழக உரிமை மட்டும் கிடைத்தது, மகள் கிடைக்கவில்லை. வளர்ந்து பெரியவர்களான பிறகு இரண்டு பிள்ளைகளும் தாயைத் தேடி வந்தார்கள் என்பது ஒரு ஆறுதல்.

பிறகு அவர் வாழ்க்கை எங்கெங்கோ போயிற்று. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893-ல் இந்தியா வந்தார். 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி தொடங்கினார். 1907-ல் சபைத் தலைவரானார். அடையாறு அவர் வீடாயிற்று.

இங்கேதான் கதை அப்படியே தலைகீழாகத் திரும்புகிறது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாராயணய்யா என்பவர், மனைவியை இழந்தவர், 1909-ல் பிள்ளைகளோடு அடையாறு சபைக்கு வேலைக்கு வந்தார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியை வருங்கால உலக குரு என்று சபையார் சொன்னார்கள். பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்தவர் இவர்தான். 1910-ல் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யாவையும் அன்னியின் பொறுப்பில் விட்டுக் கையெழுத்துப் போட்டார் தகப்பன். பிள்ளைகள் இங்கிலாந்து போனார்கள். தகப்பனுக்கு மனசு கேட்கவில்லை. 1912-ல் பிள்ளைகளைத் திருப்பித் தாருங்கள் என்று வழக்குப் போட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்ற அம்மையார். இன்னொரு பக்கம் பென்ஷன்காரர் ஒருவர். அவருக்காக வக்கீல் வேண்டாமா? வந்தார் ஒருவர். முப்பத்து மூன்று வயதுகூட நிரம்பாத சி.பி. ராமசாமி அய்யர்! அன்னி மறுபடியும் தானே வாதாடினார். 1913-ல் சென்னை உயர்நீதிமன்றம் பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னது. அப்பீலிலும் தகப்பனே ஜெயித்தார். ஆனால் 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிவிட்டது. வழக்கு சரியான முறையில் போடப்படவில்லை, பிள்ளைகளின் நலனையும் விருப்பத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. தகப்பனின் பாதுகாவலர் பொறுப்பு ஒரு புனிதக் கடமை, அதை ஒருவரிடம் கொடுத்தாலும் தேவைப்பட்டால் திரும்பப் பெறலாம் என்றது. இன்றும் வக்கீல்கள் அந்த வழக்கை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆக, தோற்ற தகப்பனுக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. வக்கீல் இல்லாமல் அது நடந்திருக்குமா?

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? தன்னை எதிர்த்து வாதாடிய சி.பி.யோடு அன்னிக்குப் பகை இல்லை. 1916-ல் அன்னி ஹோம் ரூல் லீக் தொடங்கியபோது அதே சி.பி. கூட நின்று உழைத்தார். 1917-ல் அன்னியை ஊட்டியில் காவலில் வைத்தார்கள். அதே வருஷம் காங்கிரஸ் தலைவராகவும் ஆனார். 1933 செப்டம்பர் 20-ல் அடையாறில் மறைந்தார்.

மகளைப் பறிகொடுத்த தாய், இன்னொருவர் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க மறுத்தாரே, இது நியாயமா? எனக்கு இன்றும் பதில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை வழக்கில் நல்லவர், கெட்டவர் என்று லேசில் பிரிக்க முடியாது என்று மட்டும் புரிந்தது. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் சித்திக்கு அப்படி ஆள் இல்லை. பையனைப் புருஷன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லாமல் நாலு வாய்தா தனியாகவே போய் நின்றார். நீதிபதி கேட்டதும் புரியவில்லை, சொல்ல நினைத்ததும் வாயில் வரவில்லை. அன்னி மாதிரி மேடைப் பேச்சாளரே தனியாக நின்று மகளை இழந்தார் என்றால், பத்தாவது வரை படித்த சித்தி என்ன செய்வார்?

பிறகுதான் தெரிந்தது. 1987-ம் வருஷச் சட்ட சேவைகள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைக்கும். குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். சித்திக்கு இப்போது ஒரு வக்கீல் அம்மா வாதாடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையனைப் பார்க்க உத்தரவு வந்திருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

நண்பர்களே, நாம் மோட்டார் கட்டவும் பில்டிங் கட்டவும் படிக்கிறோம். சட்டம் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு சித்தி இருப்பார். அந்த அலுவலகத்துக்கு வழி காட்டுங்கள், மனுவை எழுதிக் கொடுங்கள். முடிந்தால் முதல் நாள் கூடவே போங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை