கல்லைக் கீறிப் பார்த்த மனுஷன்

தினமும் காலையில காரைக் காய்ந்த துணியால துடைக்கிற ஆளா நீங்க? அப்போ ஃபிரெட்ரிக் மோஸ் கதையைக் கேளுங்க.

1773-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். 1802-ல் ஆஸ்திரியா போய், ஒரு வங்கியாளர் சேர்த்து வைத்திருந்த கற்களை வகை பிரித்தார். எந்தக் கல் எதைக் கீறுதுன்னு பார்த்து, 1812-ல் டால்க் 1, வைரம் 10 என்று வரிசை போட்டார். 1839-ல் இத்தாலியில் இறந்தார். காரை அவர் பார்த்ததே இல்லை.

ஆனா அவர் வரிசையில் குவார்ட்ஸ் 7. நம்ம ரோட்டுப் புழுதியில் கலந்திருப்பதும் அதுதான். பெயிண்ட் மேல இருக்கிற கிளியர் கோட் அதைவிட ரொம்ப மென்மை. துணியில் சிக்கிய மணல் அதைக் கீறிடும். வெயிலில் தெரியுற வட்ட வட்டக் கோடுகள் அப்படி வந்தவைதான்.

அதனால முதல்ல தண்ணி ஊத்தி மணலைக் கழுவி விடுங்க. அப்புறம் துடைங்க.