பேரன்தான் வாத்தியார், பாட்டிதான் மாணவி! சீன எழுத்துகளைச் சாமானியர்களிடம் கொண்டு சேர்த்த தாவ் ஷிங்ஜி யார்?

சீன மொழி கற்க ஆரம்பிக்கிறவர்களை முதலில் மிரட்டுவது அதன் எழுத்துகள்தான். அதில் அகரவரிசை கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வழியில்லை. ஒவ்வொரு எழுத்தின் வடிவம், ஒலி, பொருள் மூன்றையும் மனசில் பதிய வைக்கணும். அதுவும் ஆயிரக்கணக்கில்! நூறு வருஷத்துக்கு முன்பு சீனாவில் பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை மாற்றப் போராடியவர்களில் ஒருவர்தான் தாவ் ஷிங்ஜி.

ஆயிரம் எழுத்து போதும்!

1891-ல் அன்ஹுய் மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் படித்துவிட்டு, 1917-ல் நாடு திரும்பி நான்ஜிங்கில் பேராசிரியரானார். ஆனால் அவருடைய சொந்த அம்மாவுக்கே படிக்கத் தெரியாது.

1923-ல் ஜூ ஜிங்நோங் என்பவரோடு சேர்ந்து, சாமானியர்களுக்கான ஆயிரம் எழுத்துப் பாடநூலை உருவாக்கினார். கணக்கு ரொம்ப சிம்பிள். எல்லா எழுத்தும் வேண்டாம்; அன்றாடம் அதிகம் புழங்கும் சுமார் ஆயிரம் எழுத்து போதும். 4 புத்தகங்கள், 96 பாடங்கள். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 4 மாதத்தில் முடிச்சிடலாம்.

வீட்டிலேயே நடந்த டெஸ்ட்

ஒரு சோதனை அவர் வீட்டிலேயே நடந்தது. அப்போது அம்மாவுக்கு 57 வயது. சொல்லிக்கொடுத்தது 6 வயசுப் பேரன். அவனே முதல் புத்தகத்தை அப்போதுதான் முடித்திருந்தான்! 16 நாள் கழித்து, அதுவரை பாட்டி படித்த 16 பாடங்களின் எழுத்துகளை மட்டும் வைத்து வெளியூரிலிருந்து ஒரு கடிதம் போட்டார் தாவ். மகன் எழுதிய கடிதத்தை அம்மா தானே படித்துவிட்டார்.

குட்டி ஆசிரியர்கள்

1927-ல் நான்ஜிங் அருகே கிராம ஆசிரியர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். 1930-ல் சியாங் கை-ஷேக் அரசு அதை மூடியது. கைது ஆணை வர, ஜப்பானில் தலைமறைவானார்.

திரும்பி வந்த பிறகு, 1934-ல் பேரன்–பாட்டி ஐடியாவையே இயக்கமாக்கினார். படித்த எழுத்துகளைக் குழந்தைகள் உடனே வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லிக்கொடுக்கணும். இதனால் யாருக்கு லாபம்? ஆண் ஆசிரியர்களிடம் போய்ப் படிக்கத் தயங்கிய பெண்களுக்குப் பாடம் வீடு தேடி வந்தது. சொல்லிக்கொடுக்கும் குழந்தைக்கும் அந்த எழுத்து மறக்காது.

அதே ஆண்டு தன் பெயரையும் மாற்றினார். அதுவரை ஜிஷிங், அதாவது அறிதல்–செய்தல். செய்தால்தான் அறிவு வரும் என்று சொல்லி, ஷிங்ஜி எனத் திருப்பிப் போட்டார்.

1938-ல் இந்தியா வந்து காந்தியைச் சந்தித்த தாவ், 1946 ஜூலை 25-ல் ஷாங்காயில் 54 வயதில் காலமானார். சீன எழுத்து கற்க இன்று ஆப்கள் வந்தாச்சு. ஆனாலும் அதிகம் புழங்கும் எழுத்தை முதலில் படி, படித்ததை உடனே பயன்படுத்து என்ற அவருடைய வழி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இப்பவும் கைகொடுக்கும்.